யானைக் குட்டியை யாரிடம் ஒப்படைப்பது?

(காட்டுப்பாக்கத்தில் நடந்த நம் அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஆண்டறிக்கையை வாசிக்கத்தான் என்னை அழைத்தார்கள். அது அச்சாகி உங்கள் கையிலேயே இருக்கிறது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு பின்பக்கத்தில் இருக்கிறது. அதைத் திரும்ப வாசித்து உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. இன்று நாம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு நம் அறக்கட்டளை ஒரு விடுதி கட்டலாமா என்பதுதான் அது. ஒரு சகோதரர் அதற்கு இடம் தருவதாக மனமுவந்து சொல்லியிருக்கிறார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. அதற்கு வருமுன் கொஞ்ச நேரம் யானைக் குட்டிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். பின்வரிசைப் பிள்ளைகள் இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள், அதைக் கெடுத்துவிட வேண்டாம்.

போன மே மாதம் நம்மிடம் படிப்புதவி பெறும் பிள்ளைகளையும் அவர்களின் தாய்மார்களையும் ஊட்டிக்கு அழைத்துப் போனோம். வழியில் முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் இறங்கினோம். சாயங்காலம் யானைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரம். ராகியும் கொள்ளும் அரிசியும் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய பெரிய கவளமாக உருட்டி, யானையின் வாய்க்குள் கையை விட்டே வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. அங்கே குட்டி ஒன்று நின்றது. தாய் இல்லாத குட்டி என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நம் பையன் ஒருவன், ஆறாம் வகுப்பு, தகப்பன் மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது, என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, இது எப்ப அவங்க வீட்டுக்குப் போகும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. முகாமில் வேலை செய்யும் ஒருவரைக் கேட்டேன். "இனிமே இதுதான் தம்பி அதுக்கு வீடு" என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பையன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கூடலூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஊர் திரும்பிய பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிறகு என் மனைவியின் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் கொழும்பு போனபோது ஒரு நாளை ஒதுக்கி, வேன் பிடித்து, உடவளவைக்கும் போய்வந்தேன். அங்கே பார்த்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் நம் ஊர்க் கதை.

ஒரு யானைக் குட்டி எப்படி அநாதையாகிறது? நோயில் தாய் இறப்பது உண்டு. ஆனால் நம் நாட்டில் பெரும்பாலும் நம் கைதான் அதற்குக் காரணம். பன்றி வராமல் இருக்க வயலைச் சுற்றித் திருட்டு மின்சாரத்தில் கம்பி கட்டுகிறோம். யானை நடக்கும் தடத்தின் குறுக்கே ரயில் விடுகிறோம். பழத்துக்குள் வெடிமருந்தை வைத்து, அவுட்டுக்காய் என்று பெயரும் சூட்டியிருக்கிறோம். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் ஒரு விவசாயி போட்ட மின்வேலியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் இறந்துபோயின. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. விடிந்து ஊரார் வந்து பார்த்தபோது, கிடந்த பெரிய உடல்களைச் சுற்றிச் சுற்றி அந்த இரண்டும் நடந்துகொண்டிருந்தன. அந்தக் காட்சியை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம்.

தாயை இழந்த குட்டியைப் பிழைக்க வைப்பது சாதாரண வேலை இல்லை. யானை ஏறக்குறைய 22 மாதம் சுமந்து பெறுகிறது. பிறந்த குட்டி இரண்டு வருஷத்துக்கு மேல் பால் குடிக்கும். யானைப் பாலின் சத்து வேறு, பசும்பாலின் சத்து வேறு. பசும்பால் அதன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றோட்டம் வந்தால் இரண்டே நாளில் உயிருக்கு ஆபத்து. குட்டி தன் தாயின் சாணத்தைக்கூடக் கொஞ்சம் தின்னும். அருவருப்பாக இருக்கிறதா? புல்லையும் இலையையும் செரிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் அப்படித்தான் அதன் வயிற்றுக்குப் போய்ச் சேருகின்றன. வெயில் அடித்தால் தாயின் வயிற்றுக்கு அடியில் நிழல். படுத்தால் காவலுக்குப் பெரியம்மா, சின்னம்மா, அக்கா என்று ஒரு குடும்பமே சுற்றி நிற்கும். யானைக் கூட்டம் என்பது பெண்களின் குடும்பம். வயதில் மூத்த பாட்டிதான் அதற்குத் தலைவி. எந்தக் கோடையில் எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தத் தழை மருந்து, எந்த ஊர்ப்பக்கம் போகக் கூடாது என்பதையெல்லாம் குட்டி அவர்கள் பின்னால் நடந்து நடந்துதான் கற்றுக்கொள்கிறது. பாலுக்கு மாற்று தேடலாம், இந்தப் படிப்புக்கு மாற்று எங்கே தேடுவது?

தெப்பக்காட்டில் பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் பழங்குடித் தம்பதியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படத்துக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கார் விருது கிடைத்ததே, அந்தப் படத்தில் வருபவர்கள். ஓசூர் பக்கத்துக் காட்டில் தாய் மின்சாரம் தாக்கி இறந்த பிறகு 2017இல் கிடைத்த குட்டி ரகு. 2019இல் சத்தியமங்கலத்திலிருந்து வந்த குட்டி அம்மு. அதற்குப் பொம்மி என்றும் பெயர். இரண்டையும் அந்த இருவர்தான் வளர்த்தார்கள். பெள்ளி தன் மகளை இழந்தவர். அழுதபோது குட்டி தும்பிக்கையால் கண்ணீரைத் துடைத்தது என்று படத்தில் சொல்வார். என் வீட்டில் அந்த இடத்தில் எல்லோரும் அழுதோம். நானும்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பெள்ளியை அரசு பிறகு முகாமில் காவடியாகவே, அதாவது பாகனுக்கு உதவியாளராகவே, நியமித்தது. பெண் ஒருவர் அந்த வேலைக்கு வந்தது பெரிய செய்தியானது.

அதே மார்ச் மாதத்தில் நடந்த இன்னொன்றை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு குட்டி யானை கிணற்றில் விழுந்தது. மீட்டார்கள். தாயோடு சேர்க்கப் பார்த்தார்கள், முடியவில்லை. தெப்பக்காட்டுக்குக் கொண்டுவந்து பொம்மன், பெள்ளி கையிலேயே கொடுத்தார்கள். உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த கைகள் அவை. மாதம் முடிவதற்குள் குட்டி இறந்துவிட்டது. கொடுத்த பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாசத்தில் குறைவைத்ததால் நடந்ததல்ல அது. தாய்ப்பாலின் இடத்தை எதைக் கொண்டும் எளிதில் நிரப்ப முடியாது என்பதைத்தான் பார்த்தோம்.

அதனால்தான் இன்று வனத்துறை குட்டியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு ஓடுவதில்லை. முதல் வேலை தாயைத் தேடுவது. தாய் இல்லையென்றால் அந்தக் குட்டியை ஏற்றுக்கொள்ளும் கூட்டத்தைத் தேடுவது. 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில், வால்பாறை அருகே பன்னிமேடு பக்கம், ஒரு குட்டி தனியாகத் திரிந்தது. வனத்துறையினர் டிரோனைப் பறக்கவிட்டுக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். குட்டியைக் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் சேறு பூசினார்கள். ஏன் தெரியுமா? மனிதக் கை பட்ட வாசனை போக வேண்டும். அந்த வாசனை இருந்தால் கூட்டம் மிரளும். பிறகு கூட்டத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஒதுங்கினாலும் கண்காணிப்பை நிறுத்தவில்லை. சில நாள் கழித்து ஒரு படம் வந்தது. காட்டுத் தரையில் தாய் படுத்திருக்கிறாள், குட்டி அவளை ஒட்டித் தூங்குகிறது. அந்தப் படத்துக்குள் ஒரு மனிதன்கூட இல்லை. உழைத்தவர்கள் எல்லோரும் படத்துக்கு வெளியே இருக்கிறார்கள். நம் ஆண்டுவிழாப் படங்களை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லா முறையும் இது பலிப்பதில்லை. 2024இல் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை நோயில் விழுந்தது. மருத்துவர்கள் நாள்கணக்கில் வைத்தியம் செய்து அதை எழுப்பிக் காட்டுக்கு அனுப்பினார்கள். அதன் சின்னக் குட்டி மட்டும் பிரிந்துபோனது. பலமுறை சேர்த்துப் பார்த்தும் முடியாமல், ஜூன் மாதத்தில் அதைத் தெப்பக்காட்டுக்கே அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே முகாம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முகாம் இல்லையென்றால் அந்தக் குட்டி இல்லை. ஆனால் முகாமுக்கு வந்த குட்டி மனிதனோடு வளர்ந்து, மனிதன் சொல் கேட்டு, முகாம் யானையாகவே நின்றுவிடுகிறது. நம் பையனின் கேள்விக்குப் பதில் அதுதான்.

இதற்கு வேறு வழி உண்டா என்று பார்க்கத்தான் உடவளவைக்குப் போனேன். இலங்கையில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று பின்னவல. 1975இல் ஆரம்பித்தார்கள். கொழும்பு போகிற எல்லோரும் பார்ப்பது அதைத்தான். யானைகளை ஆற்றுக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள், நாம் கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். குட்டியாக வந்தவை அங்கேயே வளர்ந்து, அங்கேயே குட்டி போட்டு, பெரிய மந்தையாகிவிட்டன. காட்டுக்குத் திரும்புவது அங்கே வழக்கமில்லை. இருபது வருஷம் கழித்து 1995இல் வனவிலங்குத் துறை உடவளவை நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் இன்னொரு இடத்தைத் தொடங்கியது. அதன் பெயரே இடைத்தங்கல் இல்லம். பயணத்தில் நாம் ஒரு ராத்திரி தங்கிப் போவோமே, அந்த மாதிரி. அதை இதுதான் உன் வீடு என்று யாரும் அந்தக் குட்டியிடம் சொல்வதில்லை.

அங்கே பார்வையாளருக்கென்று ஒரு மேடை இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. தொட முடியாது, பக்கத்தில் நின்று படம் எடுக்க முடியாது, வாழைப்பழம் ஊட்ட முடியாது. பகலில் குறிப்பிட்ட நேரங்களில் பால் கொடுக்கும்போது மட்டும் தூரத்திலிருந்து பார்க்கலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும் பால். கதவைத் திறந்ததும் நாலைந்து குட்டிகள் காதை விசிறிக்கொண்டு ஓடிவருகின்றன. பணியாளர் புனலில் பாலை ஊற்றுகிறார், அதிலிருந்து குழாய் நேராகக் குட்டியின் வாய்க்கு. குடித்து முடித்ததும் கொஞ்சல் கிடையாது, தட்டிக் கொடுத்தல் கிடையாது. போ என்று ஒரு சத்தம். குட்டி இன்னும் கேட்டு அடம்பிடிக்கிறது, கத்துகிறது. அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த குட்டிக்குப் போய்விடுகிறார். என் பக்கத்தில் நின்ற என் மனைவிக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னங்க இது, கல் மனசுக்காரங்களா இருக்காங்க" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

பால் குடித்து முடித்த குட்டிகள் எங்கே போகின்றன என்று கவனித்தேன். தங்களுக்குள் போகின்றன. கொஞ்சம் பெரிய குட்டியின் வயிற்றோடு ஒரு சின்னது உரசிக்கொண்டு நின்றது. இரண்டு, ஒரே கிளையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தன. தங்கள் வேலையை முடித்துக்கொண்டு மனிதர்கள் விலகிப்போனதால்தான் குட்டிகளுக்கு ஒன்றையொன்று தேட வேண்டியிருக்கிறது. அங்கே வளரும் குடும்பம் அதுதான். ஐந்து வயது வாக்கில், கூடவே வளர்ந்து பழகிய நாலைந்து குட்டிகளை ஒரு குழுவாகச் சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். தனியாக விடுவதில்லை. சிலவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, எங்கே போகின்றன, எந்தக் கூட்டத்தோடு சேருகின்றன என்று பின்தொடர்கிறார்கள். 1998இல் முதல் குழுவை விட்டார்கள். இதுவரை நூறுக்கும் மேற்பட்ட யானைகள் இப்படிக் காடு திரும்பியிருக்கின்றன. அவற்றில் பெண் யானைகள் காட்டிலேயே குட்டியும் போட்டிருக்கின்றன. விட்டதில் எல்லாமே பிழைத்துவிடுவதில்லை. காடு என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

திரும்பும் வழியில் இன்னொன்று பார்த்தேன். தேசியப் பூங்காவின் ஓரமாகச் சாலை போகிறது, மின்வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய யானைகள் வரிசையாக நிற்கின்றன. போகிற வண்டிக்காரர்கள் கரும்பும் பழமும் நீட்டுகிறார்கள். காட்டு யானை, நல்ல ஆரோக்கியமான யானை, சாலையோரம் கையேந்தி நிற்கிறது. கொடுப்பவர் எல்லோரும் நன்மை என்று நினைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

பாசத்தை அளந்து கொடுக்க வேண்டும் என்ற பாடத்தை உலகத்துக்குச் சொன்னது ஆப்பிரிக்காவில் ஒரு குட்டி. அதன் பெயரைக் கேட்டால் நம் பெண்பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், ஆயிஷா. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற அம்மையார் பால்குடிக் குட்டிகளைக் காப்பாற்ற வருஷக்கணக்கில் முயன்றார். பசும்பால் கொடுத்த குட்டிகள் வரிசையாக இறந்தன. கடைசியில் குழந்தைகளுக்கான பால்மாவில் தேங்காய் எண்ணெய் சேர்ந்தது ஒத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். நம் சமையலறைத் தேங்காய் எண்ணெய்! அப்படிப் பிழைத்த குட்டிதான் ஆயிஷா. அவர் கையிலேயே வளர்ந்தது, அவரை விட்டு ஒரு நிமிஷம் நகராது. மகளின் திருமணத்துக்காக அவர் கொஞ்ச நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. அவர் இல்லாத ஏக்கத்தில் குட்டி பால் குடிக்க மறுத்தது. திரும்பி வந்தவரின் கையில் அது இறந்துபோனது. அதற்குப் பிறகு அவர் ஒரு விதி வைத்தார். எந்தக் குட்டியையும் ஒரே ஆள் வளர்க்கக் கூடாது. பாகர்கள் முறை மாற்றி மாற்றி அதோடு இருக்க வேண்டும். யாரோ ஒருவர் லீவு போட்டால் குட்டி செத்துவிடக் கூடாது அல்லவா? நைரோபியில் அவர் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. அங்கே பாகர்கள் குட்டிகளோடு பழகுவார்கள், ராத்திரி கொட்டிலிலேயே படுப்பார்கள், உடவளவை மாதிரி விலகி நிற்பதில்லை. மூன்று வயது வாக்கில் சாவோ என்ற பெருங்காட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே பகலெல்லாம் மேய்ந்துவிட்டு, காட்டு யானைகளோடு பழகிவிட்டு, சாயங்காலம் திரும்பும். ஒருநாள் திரும்பாது. மறுநாள் வரும், பிறகு ஒரு வாரம் வராது. எப்போது போக வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. வருஷங்கள் கழித்துத் தனக்கு ஒரு குட்டி பிறந்ததும், காட்டிலிருந்து நடந்துவந்து பழைய பாகர்களிடம் காட்டிவிட்டுப் போன தாய்களும் உண்டு. அங்கே வளர்ந்த மகள் பிரசவித்துத் தாய்வீடு வந்த மாதிரி.

நம் நாட்டிலும் இந்த வழி இல்லாமல் இல்லை. அஸ்ஸாமில் காசிரங்கா பக்கத்தில் 2002இல் தொடங்கிய மீட்பு மையம், வெள்ளத்தில் தாயைப் பிரிந்த குட்டிகளை வளர்த்து, மானஸ் தேசியப் பூங்காவில் கொண்டுபோய் விடுகிறது. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2,961 யானைகள் இருந்தன. இங்கும் ஒருநாள் அந்த ஏற்பாடு வரும் என்று நம்புகிறேன். துஆ செய்வோம்.

யானைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெரியவர் கண்ணால் கேட்கிறார். ஹஜ்ரத் இங்கே இருக்கிறார்கள், தவறாகச் சொன்னால் திருத்துவார்கள். நம் நபி (ஸல்) அவர்கள் பிறந்த வருஷத்தை வரலாறு யானை ஆண்டு என்றுதான் குறிக்கிறது. பிறக்கும்போதே தகப்பன் இல்லை. ஆறு வயதில் தாயும் இல்லை. அவர்களை எங்கே வளர்த்தார்கள்? பால் கொடுத்து வளர்த்த அன்னை ஹலீமா (ரலி) எவ்வளவோ பாசம் இருந்தும் தாயிடம் திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். தாய் போன பிறகு பாட்டனார், பாட்டனார் போன பிறகு பெரிய தந்தை அபூதாலிப். கைமாறினாலும் குடும்பத்துக்குள்ளேயேதான் கைமாறியது. வளர்ப்புப் பிள்ளையைக்கூட அவனுடைய தகப்பன் பெயராலேயே அழைக்கச் சொல்கிற மார்க்கம் நம்முடையது. எத்தீமின் சொத்தை அவனுக்குப் பக்குவம் வந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டும், சாட்சியும் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுப்பாளி என்பவன் ஒருநாள் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவன்.

இப்போது எங்கள் குறையைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நம் பகுதியில் ஒரு சகோதரர் விபத்தில் இறந்தார். மகனுக்கு அப்போது எட்டு வயது. தாய்க்கு வருமானம் இல்லை. நாங்கள் கூடிப் பேசி, வேறு ஊரில் ஒரு விடுதியில் பையனைச் சேர்த்தோம். அந்த விடுதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. சாப்பாடு, படிப்பு, ஓதல் எல்லாம் முறையாக நடந்தது. செலவு முழுக்க நாம் கொடுத்தோம், வருஷத்துக்கு எவ்வளவு என்று பெருமையாக அறிக்கையிலும் போட்டோம். நாலு வருஷம் கழித்துப் பையன் லீவில் வந்தபோது நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். தாகம் எடுத்தது போல. உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்துக் குடிப்பதற்குப் பதில், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று தன் அம்மாவைக் கேட்டான். அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போனவர் நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. விடுதிக்கு நாம் கொடுத்த பணத்தில் பாதியை அந்தத் தாயிடம் மாதா மாதம் கொடுத்திருந்தால் அந்த வீட்டில் அடுப்பும் எரிந்திருக்கும், பையனும் தன் தாயிடமே இருந்திருப்பான். அன்று இது எனக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் இதே மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தோம். அந்தப் படம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கைபேசியிலெல்லாம் சுற்றியது. ஒரு பெண்பிள்ளை அடுத்த வருஷம் உதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

விடுதிக்கு இடம் தரும் சகோதரரிடம் நான் நேரிலேயே பேசினேன். யாருமே இல்லாத பிள்ளை, வீட்டில் பாதுகாப்பில்லாத பிள்ளை என்று இருக்கவே செய்வார்கள். அவர்களுக்கு விடுதி தேவைதான். ஆனால் நம் பட்டியலில் இப்போது இருக்கும் பிள்ளைகளில் தாயோ, பாட்டியோ, மாமாவோ இல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. கட்டடம் கட்டிவிட்டால் அதை நிரப்ப வேண்டுமே என்று நாம் பிள்ளை தேட ஆரம்பிப்போம், அது எனக்குப் பயமாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் நிறுவனத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. நிறுவனம் நடத்துவதென்றால் அதன்கீழ் பதிவும் செய்ய வேண்டும். குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. வருமான வரம்பு இருக்கிறது, எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனால் நம்மில் எத்தனை தாய்மார்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள்? திருவள்ளூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். ஆதார், இறப்புச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றோடு வாருங்கள். மனு எழுதித் தர நம் அலுவலகத்தில் இரண்டு இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருவார்கள்.

நிர்வாகக் குழு உங்கள் முன் வைப்பது இதுதான். இடத்தை விடுதிக்கு எடுக்காமல், பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து படித்துவிட்டு, மஃரிபுக்குப் பிறகு தங்கள் வீட்டுக்கே போகிற படிப்பகமாக எடுப்பது. மாதத் தொகை தாயின் வங்கிக் கணக்குக்கு, பள்ளிக் கட்டணம் நேராகப் பள்ளிக்கு. ஒரு பிள்ளையை ஒரே உறுப்பினர் பார்த்துக்கொள்ளாமல், ஒரு வீட்டுக்கு மூன்று பேர் முறை வைத்துப் போய்வருவது. மேடையும் படமும் கிடையாது. இடம் தரும் சகோதரர் யோசித்துச் சொல்கிறேன் என்றவர், இன்று காலை சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார். கூட்டத்தில் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் வந்த பையன் இன்றும் வந்திருக்கிறான், எங்கே என்று காட்ட மாட்டேன். உடவளவையைப் பற்றி அவனிடம் சொன்னேன். "அப்ப அந்தக் குட்டியையும் அங்க அனுப்பலாம்ல மாமா?" என்றான். கடல் தாண்டி அனுப்ப முடியாதப்பா என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

தீர்மானத்தைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். அஸர் பாங்குக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருக்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், முதலில் பேசுங்கள். மைக் பெண்கள் பக்கத்துக்கே முதலில் வரும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.